ஒரே தண்டவாளம், இரண்டு பக்கமும் வண்டி: உச்சிப்புளியில் காத்திருந்தவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: "ராமேஸ்வரம் வரும் வழியில் உச்சிப்புளிக்கு வெளியே பொட்டலில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இருபது நிமிஷம் கழித்து மெதுவாக ஸ்டேஷனுக்குள் போய் மறுபடியும் நின்றது. எதிர்வண்டி கிளம்பிப் போனபிறகுதான் விட்டார்கள். இருப்பதோ ஒரே தண்டவாளம், அடுத்தாற்போல் கடல்பாலம். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் பேசிக்கொள்வதை நம்பித்தான் இத்தனை பேர் உயிரும் இருக்கிறதா? அதில் ஒருவர் மறந்துபோனால்?"

தம்பி, நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கரையோரப் பாதை மீட்டர்கேஜாக இருந்த காலத்தில் பல வருஷம் இங்கேயே ராத்திரி டூட்டி பார்த்திருக்கிறேன். போனில் பேசிக்கொள்வது உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் நம்பி எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டார். பேசி முடித்தபிறகு, மனுஷன் மறந்தாலும் மறக்காத ஒரு பொருளோ ஒரு பூட்டோ நடுவில் வந்து உட்காரும். மொத்த சூட்சுமமும் அதில்தான் இருக்கிறது.

முதலில் 'செக்ஷன்' என்றால் என்னவென்று தெரியவேண்டும். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே உள்ள தண்டவாளம்தான் பிளாக் செக்ஷன். அதற்குள் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. எதிரே வருவது மட்டுமல்ல, பின்னால் தொடர்ந்து போவதும் கூடாது. நம் ஊர்க் கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான். ஒருத்தர் முறை முடிந்து மடை அடைத்த பிறகே அடுத்தவருக்குத் திறப்பு. ஆனால் வயலில் முறை தப்பினால் சண்டையோடு போகும். இங்கே வேகமாக வரும் வண்டிக்குப் பிரேக் போட்டு நிற்க ஒரு கிலோமீட்டர் வரை வேண்டியிருக்கும். எதிர்வண்டியைக் கண்ணால் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை.

உதாரணத்துக்கு உச்சிப்புளியிலிருந்து மண்டபத்துக்கு ஒரு வண்டி போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்புளிக்காரர், மண்டபத்தோடு கம்பியால் இணைந்த பிளாக் கருவியில் மணி அடிப்பார். ஒரு அடி என்றால் 'போனுக்கு வா'. இரண்டு அடி என்றால் 'லைன் கிளியர் தருகிறாயா?', அதாவது வண்டியை அனுப்ப அனுமதி உண்டா? மூன்று அடித்தால் வண்டி செக்ஷனுக்குள் நுழைந்துவிட்டது, நான்கு அடித்தால் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. ஆறு அடி கேட்டால் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடவேண்டும், அது ஆபத்து மணி.

லைன் கிளியர் கேட்டதும் மண்டபத்துக்காரர் வாய்க்கு வந்தபடி 'சரி, அனுப்பு' என்று சொல்லிவிட முடியாது. முன்னால் போன வண்டி முழுசாக வந்து சேர்ந்திருக்கவேண்டும். அதன் பின்னால் சிக்னல்கள் பழையபடி சிவப்புக்குத் திரும்பியிருக்கவேண்டும். எதிர்த்திசையில் செக்ஷனுக்குள் எதுவும் இருக்கக்கூடாது. இதெல்லாம் போக, தன் முதல் சிக்னலைத் தாண்டியும் கொஞ்ச தூரம் காலியாக இருக்கவேண்டும். கலர்லைட் சிக்னல் உள்ள ஸ்டேஷனில் 180 மீட்டர், பழைய கைகாட்டி முறையில் 400 மீட்டர். வரும் டிரைவர் சற்றுத் தவறி சிக்னலைத் தாண்டிவிட்டாலும் எதிலும் முட்டாமல் இருக்கத்தான் அந்த இடம்.

பேச்சோடு பேச்சாக ஒரு எண்ணும் கைமாறும். அதற்குப் பெயர் பிரைவேட் நம்பர். ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரிடமும் ஒழுங்கில்லாமல் கலைத்துப்போட்ட எண்கள் அச்சடித்த தாள் இருக்கும். "பிரைவேட் நம்பர் நாலு ஏழு, நாற்பத்தேழு" என்று சொல்லி, அந்த எண்ணை அடித்துவிடவேண்டும். எதிர்முனைக்காரர் அதைத் திருப்பிச் சொல்லி, நேரத்தோடு ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். அடித்த எண்ணை அந்தத் தாளிலிருந்து மறுபடி எடுக்க முடியாது. எதிராளியின் தாளில் அடுத்து என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, அதனால் அவர் சொல்லாமல் நானாக ஒரு எண்ணைக் கற்பனை பண்ணி எழுதினால் பிடிபட்டுவிடுவேன். தூக்கக் கலக்கத்தில் 'கொடுத்த மாதிரி ஞாபகம்' என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

ஆனாலும் இதுவரை சொன்னது எல்லாம் பேச்சுதான். வெறும் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தில் நார்விச் பக்கத்துத் தார்ப் விபத்து சாட்சி. 1874 செப்டம்பர் 10 அன்று, தந்தியில் போன ஒரு தவறான உத்தரவால் ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் டயர் என்பவர் 1878-ல் மின்சார டேப்லட் கருவியைக் கொண்டுவந்தார். செக்ஷனின் இரண்டு முனையிலும் ஒரு பெட்டி, இரண்டும் கம்பியால் இணைந்தவை. எந்தப் பெட்டியிலிருந்தாவது ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது திரும்பப் பெட்டிக்குள் போகும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வெளியே வராது. வில்லை யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாதை.

நம்மிடம் இருந்தது அதன் தம்பி, நீல்ஸ் பால் டோக்கன் கருவி. பெயருக்கேற்ப உள்ளங்கையில் அடங்கும் இரும்புப் பந்து. கனமாக இருக்கும். இரண்டு ஸ்டேஷன் பெயரும் அதில் வெட்டியிருக்கும். கை மாறி மாறிப் பட்டு விளிம்பெல்லாம் மழுங்கி, எழுத்தை விளக்குப் பக்கம் திருப்பித்தான் படிக்கவேண்டும். கடற்காற்றுக்கு இந்தப் பக்கம் எல்லா இரும்பும் துருப்பிடிக்கும். இந்தப் பந்து மட்டும் துருப்பிடித்து நான் பார்த்ததில்லை, அதற்கு ஓய்வே கிடையாது. மண்டபத்துக்காரர் தன் பக்கம் பொத்தானை அழுத்திக் கரண்ட் அனுப்பினால்தான் உச்சிப்புளியில் பந்து உருண்டு வெளியே விழும். அதைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்போம். நிற்காமல் போகும் வண்டி என்றால், தண்டவாளம் மாற்றிவிடும் ஆளான பாயின்ட்ஸ்மேன் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார், எஞ்சினிலிருந்து கையை நீட்டி முழங்கைக்குள் மாட்டிக்கொள்வார்கள். அந்த அடி விழுந்த இடம் கன்றிப்போயிருக்கும். ஒருமுறை வளையம் தவறி உடைமரப் புதருக்குள் போய் விழுந்தது. வண்டியை நிறுத்திவிட்டு டார்ச் லைட்டும் கையுமாக நாலு பேர் முள்ளுக்குள் தேடினோம். பயணிகள் ஜன்னல் வழியாக "என்ன சார் தொலைஞ்சுபோச்சு?" என்று கேட்டார்கள். என்னவென்று சொல்ல! பந்து கிடைக்காமல் வண்டி நகர முடியாதே.

பக்கத்துப் பக்கத்துச் செக்ஷன் பந்துகள் ஒன்றுபோல இருக்காது. வடிவத்தில் வித்தியாசம் வைத்திருப்பார்கள், ஒரு செக்ஷன் பந்து அடுத்த செக்ஷன் கருவிக்குள் இறங்காது. ஒரே பக்கமாக நிறைய வண்டி ஓடினால் பந்தெல்லாம் ஒரு முனையிலேயே சேர்ந்துவிடும். சிக்னல் மெயின்டெய்னர் வந்து கணக்கெழுதி மறுமுனைக்கு எடுத்துப்போவார்.

இத்தனை செய்தும் மனுஷன் ஓட்டை கண்டுபிடிப்பான். வேல்ஸில் ஏபர்முல் என்ற ஸ்டேஷன், 1921 ஜனவரி 26. வந்து நின்ற வண்டியின் டிரைவர் கொண்டுவந்த டேப்லட்டையே, அடுத்த செக்ஷனுக்குரியது என்று நினைத்து அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் வெட்டியிருந்த பெயரைக் கொடுத்தவரும் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை. எதிரே எக்ஸ்பிரஸ். 17 பேர் போனார்கள். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. டோக்கன் வாங்கியதும் டிரைவர் அதன் பெயரைச் சத்தமாகப் படிக்கவேண்டும் என்று எங்களிடம் கறாராகச் சொன்னதற்கு இதுதான் காரணம். வாங்கிப் பார்க்காமலே 'சரி சார்' என்கிற டிரைவரை எனக்குப் பிடிக்காது, எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும்.

இப்போது பெரும்பாலும் பந்து போய்விட்டது. கோவை போத்தனூர் பணிமனையில் செய்யும் டோக்கன் இல்லாத பிளாக் கருவிகள் பல இடங்களில் வந்துவிட்டன. பந்துக்குப் பதில், ஸ்டேஷனை விட்டு வெளியேறும் கடைசி சிக்னல்தான் டிரைவருக்கு அனுமதி. அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் அந்த சிக்னலை ஸ்டேஷன் மாஸ்டர் எவ்வளவு அழுத்தினாலும் பச்சையாக்க முடியாது. ஒரு லைன் கிளியருக்கு ஒருமுறைதான் அது இறங்கும். வண்டி தாண்டியதும் தானே சிவப்பாகிப் பூட்டிக்கொள்ளும். ஒருமுனை அனுப்பும் நிலையில் இருந்தால் மறுமுனை அனுப்ப முடியாது. நீங்கள் கேட்ட 'ஒருவர் மறந்துபோனால்?' என்பதற்குப் பதில் இதுதான். மறந்தால் வண்டி ஓடாது, நின்றுபோகும். மறதியால் தாமதம் ஆகலாம், மோதல் ஆகக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார்கள்.

இனி வால் விஷயம். வெளியாட்கள் கேட்காத கேள்வி, எங்களுக்கோ அதுதான் முதல் கேள்வி. பந்து எஞ்சினோடு வருகிறது. எஞ்சின் வந்துவிட்டது, பந்தும் கைக்கு வந்துவிட்டது, சரி. கடைசிப் பெட்டி வந்ததா? நடுவழியில் கப்ளிங் கழன்று இரண்டு வேகன் அங்கேயே நின்றிருந்தால்? பந்துக்கு அது தெரியாது. அதனால்தான் கடைசிப் பெட்டியின் பின்னால் 'எல்வி' (கடைசிப் பெட்டி என்பதன் சுருக்கம்) பலகையும் ராத்திரியில் சிவப்பு விளக்கும். அதைக் கண்ணால் பார்க்காமல் நான்கு அடி மணி கொடுக்கக்கூடாது.

ஐப்பசி மழை ராத்திரி ஒன்றில் நான் அப்படிப் பார்க்காமலே கொடுக்கப் போனேன். சரக்கு வண்டி ஒன்று உள்ளே வந்தது. பின் ஸ்டேஷன்காரர் பாசஞ்சரை வைத்துக்கொண்டு லைன் கிளியருக்கு அவசரப்படுகிறார், வண்டி ஓட்டத்தைத் திட்டமிடும் கண்ட்ரோலரும் போனில் நச்சரிக்கிறார். எஞ்சின் சத்தம் கேட்டாயிற்று, பந்து மேசைமேல் இருக்கிறது. பந்தைக் கருவிக்குள் போடக் கையில் எடுத்துவிட்டேன். வாசலில் நனைந்துபோய் பாயின்ட்ஸ்மேன் நிற்கிறார். "சார், போடாதீங்க. வால் விளக்கைக் காணோம்." கடைசிவரை நடந்துபோய்ப் பார்த்தால், வண்டி முழுசாகத்தான் இருந்தது. கார்டும் பிரேக்வேனில் இருந்தார். மழையில் விளக்கு அணைந்திருந்தது, அவ்வளவுதான். பாசஞ்சருக்குக் கால் மணி தாமதம், எனக்குக் கண்ட்ரோலரிடம் திட்டு. அந்த பாயின்ட்ஸ்மேனுக்கு என்னைவிட ஆறேழு வயது மூப்பு, படிப்பு எட்டாம் வகுப்பு. அன்றைக்கு அவர் வாசலில் நின்றிருக்காவிட்டால் நான் பந்தைப் போட்டிருப்பேன். அப்போதும் ஒன்றும் நடந்திருக்காது என்பதுதான் இதில் பயங்கரம். ஒன்றும் நடக்காததால் அடுத்த மழைக்கும் அப்படியே செய்திருப்பேன்.

இப்போது அந்த ஓட்டையை ஆக்ஸில் கவுன்டர் அடைக்கிறது. செக்ஷனுக்குள் நுழையும் அச்சுகளை ஒரு முனை எண்ணும், வெளியேறுவதை மறுமுனை எண்ணும். 22 பெட்டி, பெட்டிக்கு 4 அச்சு, எஞ்சினுக்கு 6, ஆக 94. உள்ளே 94 போய் வெளியே 90 வந்தால் செக்ஷன் காலி என்று கருவி ஒப்புக்கொள்ளாது. எண்ணிக்கை தவறிப்போய் ரீசெட் பண்ணவேண்டியிருந்தால்தான் மறுபடி மனுஷன் கண்ணும் ரிஜிஸ்டரும்.

சரி, உங்களைப் பொட்டலில் நிறுத்திய கதைக்கு வருவோம். ஒற்றைப் பாதையில் வண்டிகள் ஒன்றையொன்று தாண்டுவது ஸ்டேஷனில் மட்டும்தான், அங்கேதான் பக்கத்தில் லூப் லைன், அதாவது பிரிந்துபோய் மறுபடி சேரும் தண்டவாளம் இருக்கும். நம்மாட்கள் சொல்கிற 'கிராஸிங்' இது. எந்த வண்டி எங்கே காத்திருக்கவேண்டும் என்பதை மதுரைக் கண்ட்ரோல் தீர்மானிக்கும். ஆனால் கண்ட்ரோலர் திட்டம் போடலாம், யோசனை சொல்லலாம், திட்டலாம். லைன் கிளியர் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது இரண்டு முனை ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு மட்டும். திட்டத்தையும் பாதுகாப்பையும் வேறு வேறு ஆளிடம் பிரித்து வைத்தது புத்திசாலித்தனம் என்பேன். வண்டி லேட்டாவதற்குப் பதில் சொல்லவேண்டியவர் கையிலேயே பூட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் ஸ்டேஷனை நெருங்கினால், இரண்டையும் ஒன்றாக உள்ளே விடுவது எல்லா ஸ்டேஷனிலும் முடியாது. உள்ளே வரும் வண்டி நிற்கவேண்டிய சிக்னலைத் தாண்டிக் கொஞ்சம் வழுக்கிவிட்டால் எதிர்வண்டியின் வழியில் மூக்கை நீட்டும். அதற்காக அந்த சிக்னலுக்கு அப்பால் 120 மீட்டர் காலியாக வைக்கவேண்டும், அல்லது வழுக்கிய வண்டி போய்ப் புதைய மணல்மேடோ தனித் தண்டவாளமோ வேண்டும். இல்லாத இடத்தில் ஒரு வண்டியை, ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதிக்கும் ஹோம் சிக்னலுக்கு வெளியே நிறுத்தி, இன்னொன்றை முழுசாக உள்வாங்கி நிறுத்திய பிறகே வெளியே நின்ற வண்டிக்குச் சிக்னல் விழும். நீங்கள் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த நேரம்தான். பிறகு லூப்பில் திரும்பும்போது, தண்டவாளம் பிரியும் பாயின்ட்டின் அமைப்பைப் பொறுத்து 15 அல்லது 30 கிலோமீட்டர் வேகம்தான், அதனால்தான் ஊர்ந்தது.

உண்மையான ஆபத்து எங்கே என்று கேட்டால், கருவி கெட்டுப்போகும் நேரத்தில் என்பேன். அப்போது காகிதம் வரும். பேப்பர் லைன் கிளியர் டிக்கெட் என்று பெயர். வண்டி எண், எந்த ஸ்டேஷனிலிருந்து எதுவரை, எதிர்முனை கொடுத்த பிரைவேட் நம்பர், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். ஒரு எழுத்துத் தப்பினாலும் அடித்துத் திருத்தக்கூடாது, அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுதவேண்டும். பூட்டு இல்லாத நேரத்தில் அந்த எழுத்துதான் பூட்டு. இத்தாலியில் ஆந்திரியாவுக்கும் கொராத்தோவுக்கும் நடுவே ஒற்றைப் பாதையில் 2016 ஜூலை 12 அன்று இரண்டு வண்டிகள் மோதி 23 பேர் இறந்தார்கள். அங்கே தினசரி நடைமுறையே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போன் செய்து வண்டி விடுவதுதான். தார்ப் விபத்து நடந்து 142 வருஷம் கழித்து, அதே ஓட்டை.

போனும் செத்துப்போனால்? புயல் கரையில் இந்தக் கேள்வி கற்பனை இல்லை. எந்தத் தொடர்பும் இல்லாதபோது பயணிகள் வண்டியை நம்பிக்கையில் அனுப்புவதில்லை. தனி எஞ்சினையோ மோட்டார் டிராலியையோ எழுத்துமூல உத்தரவோடு அனுப்பி, பார்வை தெளிவாக இருந்தால் மணிக்கு 15 கிலோமீட்டர், ராத்திரி என்றால் 10, ஊதிக்கொண்டே போய் அடுத்த ஸ்டேஷனில் லைன் கிளியர் வாங்கிவரவேண்டும். எதிர் ஸ்டேஷன்காரரும் அதே யோசனையில் ஒரு எஞ்சினை அனுப்பி, இரண்டும் நடுவழியில் சந்தித்தால்? விதிப்புத்தகம் அதையும் யோசித்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கோத்து, எந்தப் பக்கம் போவது வசதி என்று பார்த்து, ஒரே வண்டியாக ஒரு ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். புதிதாக வேலைக்கு வந்தபோது இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிக்கத் தோன்றவில்லை.

பைலட் கார்டு முறை என்று இன்னொன்று உண்டு, அதில் பந்துக்குப் பதில் ஒரு ஆள். சிவப்பு அடையாளம் அணிந்த ஒருவர் செக்ஷனுக்கு நியமிக்கப்படுவார். அவர் கூடப் போகாமலோ, அவர் கையால் டிக்கெட் கொடுக்காமலோ எந்த வண்டியும் நகராது. ஒரே ஆள் இரண்டு முனையில் இருக்க முடியாதல்லவா.

பாம்பன் பாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1914-ல் திறந்த பழைய பாலமும் ஒற்றைப் பாதை, 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதியதிலும் ஓடுவது ஒற்றைப் பாதைதான். மேலே சொன்ன அதே முறை அங்கும். கூடுதலாக இரண்டு எதிராளி உண்டு. ஒன்று கப்பல்: 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே போகும்போது அந்தப் பாதையே அந்தரத்தில் இருக்கிறது, ஆகவே செக்ஷனில் வண்டி இல்லை என்று உறுதிசெய்து, வண்டி வரமுடியாதபடி அடைத்த பிறகுதான் தூக்கவேண்டும். இன்னொன்று காற்று: பழைய பாலத்திலேயே காற்றுமானி வைத்து, மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை விடாமல் இருந்தார்கள். எதிர்வண்டி இல்லை என்பது மட்டும் இந்தக் கரையில் போதாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ஊரை நெருங்கும் நேரத்தில் கடல் ஏறி வந்து எடுத்துக்கொண்டது, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். அந்த வண்டிக்கு எதிரே வேறு வண்டி எதுவும் வரவில்லை.

அடுத்தமுறை கிராஸிங்குக்கு நிற்கும்போது எதிர்வண்டியின் எஞ்சினைப் பார்க்காதீர்கள். அது போகட்டும். பிளாட்பாரத்தில் பச்சைக்கொடியோ விளக்கோ பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். கடைசிப் பெட்டி தாண்டியபிறகும் திரும்பாமல், போகிற வண்டியின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் உங்கள் வண்டிக்குச் சிக்னல் விழும்.